ஏரிக்கரைக் கடையில் தியேட்டர் பாப்கார்ன்: மணிக்குள் இருக்கும் நீரே முதல்

பாப்கார்ன் வியாபாரம் தியேட்டர்காரர்களுடையது என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தியேட்டருக்குள் வெளி உணவை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த வாசலுக்குள் நமக்கு வேலையில்லை. ஆனால் படம் பார்ப்பது இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் இரவு, கோயில் கொடை, மாதா திருவிழா, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வரும் கூட்டம் என்று பாப்கார்ன் கேட்கும் வாய்கள் சின்ன ஊர்களிலும் பெருகியிருக்கின்றன. கடலை மிட்டாய், முறுக்கு, சுண்டல் விற்கும் மளிகைக் கடைக்காரர் இதையும் சேர்த்து விற்கலாம். முதலீடு குறைவு.

விற்கத் தொடங்கியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "தியேட்டர்ல வர்ற மாதிரி நமக்கு வரலியே." சிலர் இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்குகிறார்கள். அதன் பிறகும் பொரி சிறுத்து, ரப்பர் போல வருகிறது. அடியில் கைப்பிடி கைப்பிடியாகப் பொரியாத மணி கிடக்கிறது. குறிப்பாகக் கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏரி, எட்டிப் பார்த்தால் கடல், படகில் சரக்கு ஏற்றிப் பழகிய ஊர். அங்கே ஒரு கடையில் தியேட்டர் தரத்தில் பாப்கார்ன் போட முடியுமானால் வேறு எந்த ஊரிலும் முடியும். ஆகவே பசியாவரத்துக் கடையை மனதில் வைத்தே இந்தப் பாடத்தைப் பார்ப்போம்.

மணி ஏன் பொரிகிறது?

எல்லா மக்காச்சோளமும் பொரியாது. பெரம்பலூர், அரியலூர், உடுமலைப் பக்கம் விளைந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் போகும் மக்காச்சோளத்தை வாணலியில் போட்டால் வறுபடும், வெடிக்கும், கருகும், பூவாக மலராது. பாப்கார்னுக்கென்று தனி இனம் உண்டு. மணி சிறியது, தோல் கெட்டியானது, உள்ளே இருக்கும் மாவு கண்ணாடி போல இறுகியது. அந்த மாவுக்குள் கொஞ்சம் நீரும் இருக்கிறது. சூடு ஏற ஏற அந்த நீர் ஆவியாகி வெளியே வர முடியாமல் திணறுகிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது தோல் தாங்காமல் கிழிகிறது. உள்ளே குழைந்திருந்த மாவு நுரைத்து, வெளிக்காற்றுப் பட்டவுடன் அப்படியே உறைந்துவிடுகிறது. நாம் தின்னும் வெள்ளைப் பூ அந்த உறைந்த நுரைதான்.

எனவே ஒரு மணிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். தோல் கீறலில்லாமல் இருக்க வேண்டும். உள்ளே ஈரம் எடையில் சுமார் 13 முதல் 14 சதவீதம் இருக்க வேண்டும். ஈரம் குறைந்தால் அழுத்தம் போதாமல் மணி பொரியாது. ஈரம் கூடினால் தோல் இளகி, மணி பலத்த சத்தத்தோடு வெடிக்கும். பூ மட்டும் சிறுத்துக் கடினமாக இருக்கும். சத்தம் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

பாப்கார்ன் வியாபாரத்தின் கணக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நாம் சோளத்தை எடைக்கு வாங்குகிறோம். பொரியை அளவுக்கு விற்கிறோம். வாங்குபவர் பொட்டலம் எத்தனை கிராம் என்று பார்ப்பதில்லை, நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நல்ல மணி ஒரு கிலோவுக்கு 36 லிட்டர் அளவு பொரி தரும். ஈரம் பிசகிய மணி 24 லிட்டரோடு நின்றுவிடலாம். பொட்டலத்துக்கு 1.2 லிட்டர் என்றால் முதல் கிலோவில் 30 பொட்டலம், இரண்டாவது கிலோவில் 20.

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். சோளம் கிலோ 130 ரூபாய், எண்ணெய் 40, உப்பு, மஞ்சள், கேஸ் சேர்த்து 20, காகிதப் பை ஒன்றுக்கு 1 ரூபாய். நல்ல மணியில் செலவு 220, பொட்டலம் 10 ரூபாய் என்றால் வரவு 300, மிச்சம் 80. கெட்ட மணியில் செலவு 210, வரவு 200. பத்து ரூபாய் கையைக் கடிக்கிறது. அதே சோளம், அதே அடுப்பு, அதே உழைப்பு. இடையில் மாறியது மணிக்குள் இருக்கும் இரண்டு மூன்று சதவீத நீர்.

தியேட்டர் ருசி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சேர்ந்த சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் நீராவியால் இயங்கும் பொரி வண்டியை உருவாக்கி, 1893-இல் அங்கு நடந்த உலகக் கண்காட்சியில் மக்கள் முன் வைத்தார். எண்ணெயோடும் உப்போடும் சேர்த்தே சோளத்தைப் பொரிப்பது அவர் இயந்திரத்தின் சிறப்பு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேறு தின்பண்டம் வாங்க வசதியில்லாத ஜனங்கள் சில காசுக்குக் கிடைத்த பாப்கார்னை வாங்கினார்கள். டிக்கெட் வரவு சுருங்கிய தியேட்டர்களை இந்தப் பொரி விற்பனை தாங்கிப் பிடித்தது. அன்று தொடங்கிய உறவு இன்னும் விடவில்லை.

அந்த ருசிக்குப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெய், மாவு போல அரைத்த உப்பு, மஞ்சள் நிறம், வெண்ணெய் வாசனை ஆகிய நான்குதான். 1994-இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று தியேட்டர் பாப்கார்னில் நிறைகொழுப்பு அளவுக்கு மிஞ்சி இருப்பதைச் சோதித்து வெளியிட்ட பிறகு, பல தியேட்டர்கள் தேங்காய் எண்ணெயைக் கைவிட்டு வேறு எண்ணெய்க்கு மாறின. நமக்குத் தேங்காய் எண்ணெய் புதிதல்ல. ஆனால் இன்றைய விலையில் கட்டுப்படியாவதும் எளிதல்ல. சுத்திகரித்த கடலை எண்ணெயிலோ பாமாயிலிலோ பொரித்து, அதில் நாலில் ஒரு பங்கு மட்டும் தேங்காய் எண்ணெய் கலந்தால் வாசனை போதுமான அளவு வந்துவிடும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் மட்டும் பொரித்தால், சோளம் மலரும் சூட்டிலேயே எண்ணெய் புகையத் தொடங்கிக் காறல் அடிக்கும். ரேஷனில் வந்த பாமாயிலைக் கடைக்குப் பயன்படுத்துவது குற்றம் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

உப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். பொரியின் மேல் தூவும் சாதாரண உப்பு பொட்டலத்தின் அடிக்குப் போய்விடும். மேலே தின்பவருக்குச் சப்பென்றிருக்கும், கடைசியில் தின்பவருக்குக் கரிக்கும். அயோடின் கலந்த தூள் உப்பை மிக்ஸியில் இன்னொரு சுற்று ஓட்டி, எண்ணெயோடு சேர்த்தே பாத்திரத்தில் போட்டுவிட்டால் ஒவ்வொரு பூவிலும் பிடித்துக்கொள்ளும். உப்பும் குறைவாகவே செலவாகும்.

உப்பு மூட்டை சொல்லும் சேதி

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம். "மணி பொரியவில்லையா? கொஞ்சம் தண்ணீர் தெளித்து வை" என்பது பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. வறண்ட ஊர்களில் கோடையில் அது சரி. ஐப்பசி, கார்த்திகையில் பசியாவரத்துக் கடைக்காரர் அதைச் செய்தால் சரக்கு பாழ். அங்கே காற்றே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறது.

தானியம் எதுவும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தில் நின்றால் மக்காச்சோளம் ஏறத்தாழ 14 சதவீதத்தில் வந்து நிற்கும். 80 சதவீதக் காற்றில் அது 15, 16-க்கு ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரக் காற்று 80-ஐத் தாண்டுவது வழக்கம். மாறாக ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் பகல்களில் அதே கடையில் மணி காய்ந்துபோகவும் கூடும். ஆகவே பருவம் பார்க்காமல் ஒரே வைத்தியத்தைச் செய்யக் கூடாது.

காற்றின் ஈரத்தை அறியக் கருவி வாங்க வேண்டியதில்லை. எல்லா மளிகைக் கடையிலும் ஒன்று இருக்கிறது. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியும். மக்னீசியம் கலந்த கல்லுப்பு இன்னும் முன்னதாகவே கசியும். உப்பு மூட்டையின் அடி நனைந்திருக்கிறது, தூள் உப்பு கட்டி தட்டுகிறது என்றால், திறந்து வைத்த சோளமும் ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

எவ்வளவு குடித்தது என்பதைத் தராசு சொல்லும். புதுச் சரக்கு வந்த அன்று ஒரு பிடி பொரித்துப் பாருங்கள். நன்றாக மலர்ந்தால், சரியாக ஒரு கிலோ மணியை எடுத்துக் கொசுவலைத் துணியில் கட்டிக் கடைக்குள்ளேயே தொங்கவிடுங்கள். வலையின் எடையைத் தனியாகக் குறித்துக்கொள்ள மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். 10 கிராம் கூடியிருந்தால் ஈரம் ஏறத்தாழ 1 சதவீதம் ஏறியிருக்கிறது. 20 கிராம் கூடினால் மணி நல்ல நிலையைத் தாண்டிவிட்டது. 20 கிராம் குறைந்தால் காய்ந்துவிட்டது. தொங்கும் மணிக்கு நாலாப் பக்கமும் காற்றுப் படுவதால், மூட்டைக்கு ஆபத்து வருமுன்பே இது எச்சரித்துவிடும்.

திருத்துவதும் இதே தராசில்தான். 16 சதவீதத்துக்கு ஏறிய மணி கிலோவுக்கு 29 கிராம் இழந்தால் 13.5-க்குத் திரும்பும். வெறித்த நாளாகப் பார்த்து, நிழலில், காற்றோட்டத்தில், துணியின் மேல் மெல்லிதாகப் பரப்பி, இடையிடையே எடை போட வேண்டும். சிமெண்டுத் தரையில் உச்சி வெயிலில் கொட்டினால் தோல் விரிசல் விட்டுவிடும். பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. 11 சதவீதத்துக்குக் காய்ந்த மணிக்குக் கிலோவுக்கு 29 மில்லி நீர் வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் மணியைப் போட்டு, நீரை ஊற்றி, முதல் நாள் அடிக்கடி குலுக்கி, மூன்று நான்கு நாள் மூடி வைத்தால் உள்ளே இறங்கிவிடும்.

பூசண வாடை அடிக்கும் மணியை இப்படித் திருத்தப் பார்க்காதீர்கள். ஈரம் ஏறிய மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சை, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். பொரிக்கும் சூட்டில் அது முழுவதும் அழியாது. கோழிக்குப் போட்டாலும் கோழிக்குக் கேடுதான். நட்டமென்று எழுதிவிட்டுக் குழியில் கொட்டி மூடுவதே சரி.

இருப்பு வைப்பதற்குச் சணல் கோணி உதவாது. 25 கிலோ சிப்பத்தைத் திறந்த அன்றே ஐந்து கிலோ பிடிக்கும் டின்களில் பிரித்து அடைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அன்றாட உபயோகத்துக்குத் திறங்கள். டின்கள் தரையில் உட்காராமல் பலகை மேல் இருக்கட்டும். உப்பு மூட்டைக்கும், குறிப்பாகக் கருவாட்டுக்கும், தூரமாக இருக்கட்டும். ஏரிக்கரைக் கடையில் கருவாடு இல்லாமல் முடியாது. பொரிந்த சோளம் பஞ்சு போன்றது, பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மடவைக் கருவாட்டு மணத்தோடு ஒரு குழந்தை பாப்கார்ன் வாங்கிப் போனால் அடுத்த முறை வராது.

அடுப்பில் செய்முறை

இயந்திரம் இல்லாமல் கனமான அலுமினிய வாணலியும் மூடியும் போதும். ஒரு தடவைக்கு 200 கிராம் மணி, 50 மில்லி எண்ணெய், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். தியேட்டர் இயந்திரத்தில் எண்ணெய் இதைவிடக் கூடுதலாக ஊற்றுவார்கள். நமக்கு இது போதும். நடுத்தரத் தீயில் எண்ணெயில் மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்தால் சூடு சரி. மீதி மணி, உப்பு, மஞ்சளைப் போட்டுக் கிளறி மூடி, வாணலியை அசைத்துக்கொண்டே இருங்கள்.

மூடியை இறுக்கமாக வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு மணியும் வெடிக்கும்போது ஆவியை வெளியே விடுகிறது. 200 கிராம் மணியிலிருந்து கணிசமான அளவு நீர் வெளிவரும். அது போக வழியில்லாவிட்டால் பொரியே அதைத் திரும்பக் குடித்து நமுத்துவிடும். மூடியை ஒரு விரற்கடை சாய்த்து வையுங்கள். வெடிச்சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றாகக் குறைந்ததும், கடைசி மணிகளுக்காகக் காத்திராமல், அகலமான சல்லடையில் கொட்டிவிட வேண்டும். பொரியாத மணி கீழே உதிர்ந்துவிடும். தின்பவர் பல்லுக்கும் பாதுகாப்பு. உதிர்ந்ததை எடை போட்டுப் பாருங்கள். 200 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உதிர்ந்தால் சரக்கில் கோளாறு.

வெண்ணெய் ஊற்றுவதானால் அப்படியே ஊற்றக் கூடாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்கு நீர் இருக்கிறது. பட்ட இடமெல்லாம் பொரி சுருங்கும். உருக்கிய நெய் ஒரு கரண்டி தெளித்தால் போதும். வெண்ணெயும் இல்லாமல் நெய்யும் இல்லாமல் வாசனைப் பொருள் மட்டும் கலந்துவிட்டு "வெண்ணெய் பாப்கார்ன்" என்று பலகை மாட்டுவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறு.

பொரித்த பிறகு

தியேட்டரில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிவது அழகுக்கு மட்டுமல்ல. அந்தச் சூடு பெட்டிக்குள் காற்றை உலர்த்தி வைக்கிறது. பசியாவரத்துக் கடையில் பொரியைத் தாம்பாளத்தில் குவித்து வைத்தால் மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்திலேயே மொறுமொறுப்பு போய்விடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிப்பதே வழி. பள்ளி விடும் நேரம், படகு வந்து சேரும் நேரம் என்று கடைக்காரருக்கு நேரம் தெரியும். அதற்குக் கால் மணி முன்னால் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். ஆவி அடங்கியதும், ஆனால் முழுவதும் ஆறிக் காற்றைக் குடிக்கத் தொடங்குமுன், இறுக்கமான மூடியுள்ள முறுக்கு டின்னில் போட்டுவிட வேண்டும். நமுத்துப் போனதை வெறும் வாணலியில் இளந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். அப்படித் திருப்பியதை உடனே விற்றுவிட வேண்டும்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பாப்கார்ன் தொண்டையில் அடைக்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கென்று கேட்டால் வேறு பண்டம் எடுத்துக் கொடுங்கள்.

சட்டம், வரி

நிறத்துக்கு மஞ்சள்தூள் போதும். மெட்டானில் மஞ்சள் போன்ற துணிச்சாயம் உணவில் எந்த அளவிலும் கூடாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்தால் பஞ்சுமிட்டாய்க்கே தமிழ்நாட்டில் தடை வந்ததையும், நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் அதில் அடிபட்டதையும் மறந்திருக்க மாட்டோம். செய்தித்தாளில் சுருட்டிக் கொடுப்பதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் தடுக்கின்றன. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. வெறும் காகிதப் பை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் நிரப்பிக் கொடுத்தால் தொல்லையில்லை. முன்கூட்டியே ஒட்டிச் சரமாகத் தொங்கவிட்டால் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எப்படியும் தேவை.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பாப்கார்ன் நாடு முழுவதும் பேச்சானது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில், உப்பும் மசாலாவும் கலந்து சில்லறையாக விற்றால் 5 சதவீதம், பெயரிட்ட பொட்டலமானால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று விளக்கம் சொன்னது. ஒரே சோளத்துக்கு மூன்று வரியா என்று எல்லாரும் சிரித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த மாற்றத்தில் மூன்றும் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டன.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. கடலோரக் கடைகளுக்கு அனுப்பும் பாப்கார்ன் சோளத்தை உள்ளே பாலித்தீன் உறையிட்ட சிப்பமாக அனுப்புங்கள். பொன்னேரியில் நல்லபடியாக ஏறிய சரக்கு பழவேற்காட்டுத் துறையில் அரை நாள் மழையில் நின்றாலும் அப்போது கெடாது. சிப்பத்தைத் தைப்பதற்கு முன் ஒரு பிடி பொரித்துப் பார்த்து, கிலோவுக்கு எத்தனை லிட்டர் மலர்ந்தது என்பதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மேலே கட்டிவிடுங்கள். சரக்கைப் பெறும் சில்லறைக் கடைக்காரர் அன்றே தம் வாணலியில் பொரித்து அந்த எண்ணோடு ஒப்பிடட்டும். குறைந்திருந்தால், மூட்டை இன்னும் முழுசாக இருக்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பாதி விற்ற பிறகு வரும் புகாரில் குறை ஏற்றிய இடத்திலா இறக்கிய இடத்திலா என்று யாராலும் சொல்ல முடியாது.